சைக்கிளில் வேலைக்கு வந்தால் வரிச்சலுகை: பிரிட்டனில் கடை வைத்திருப்பவர்களும் வேலை பார்ப்பவர்களும் கேட்டவை

லண்டனில் சின்ன நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்குப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. 'சைக்கிள் டு வொர்க்' என்ற வரிச்சலுகைத் திட்டம் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். கணக்கெல்லாம் 2025-26 நிதியாண்டுக்கு, ஸ்காட்லாந்து வருமான வரி மட்டும் வேறு.

சைக்கிள் வாங்க அரசாங்கம் காசு தருகிறதா?

ஒரு பென்னி கூடத் தராது, வரி எடுக்காமல் விடுகிறது, அவ்வளவுதான். 1999 நிதிச் சட்டத்தில் வந்த ஏற்பாடு இது. முதலாளி சைக்கிளை வாங்கி ஊழியருக்கு வாடகைக்கு விடுவார், அந்த வாடகை வரி போடுவதற்கு முன்பே சம்பளத்தில் கழிந்துவிடும். 1,200 பவுண்டு சைக்கிள், 12 மாதம் என்றால் மாதம் 100. 20 சதவீத வரி கட்டுபவருக்கு வரியில் 20, தேசியக் காப்பீட்டில் (நேஷனல் இன்சூரன்ஸ்) 8 மிச்சம், ஆக கைக்கு வரும் சம்பளத்தில் குறைவது 72 மட்டும். ஹெல்மெட், பூட்டு, லைட்டையும் சேர்த்தே வாங்கலாம்.

அண்ணா, மூன்று பேர் வேலை செய்யும் கடை என்னுடையது. எனக்கு என்ன லாபம்?

விளம்பரத்தில் சொல்வார்கள், முதலாளி கட்டும் 15 சதவீத தேசியக் காப்பீடு மிச்சமாகும் என்று. மேலே சொன்ன சைக்கிளுக்கு வருடம் 180 பவுண்டு. ஆனால் தம்பி, உங்களைப் போன்ற கடைகளுக்கு எம்ப்ளாய்மென்ட் அலவன்ஸ் என்று அந்தக் காப்பீட்டில் வருடம் 10,500 பவுண்டு வரை ஏற்கனவே தள்ளுபடி இருக்கிறது. உங்கள் மொத்தக் காப்பீட்டுத் தொகையே அதற்குள் அடங்கிவிட்டால், கட்டாத காசில் எதை மிச்சம் பிடிப்பது? பையன்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நேரத்துக்குக் கடை திறப்பார்கள் என்று நினைத்தால் செய்யுங்கள்.

பெட்ரோல் நிலையத்தில் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வேலை செய்கிறேன். சேரலாமா?

முடியாது. கழித்த பிறகு சட்டம் சொல்லும் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கீழே போகக் கூடாது (2025-26-இல் 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மணிக்கு 12.21 பவுண்டு). சைக்கிள் அதிகம் தேவைப்படுபவர்களே இப்படி வெளியே நிற்கிறார்கள், எனக்கு இதில் கோபம் உண்டு.

வருடம் முடிந்தால் சைக்கிள் எனக்குத்தானே?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அது வாடகை, சொந்தமாகும் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்கவே கூடாது. நான் கணக்குப் பார்த்த ஒரு இடத்தில், 1,200 பவுண்டு சைக்கிளுக்கு 12 மாதமும் கட்டி முடித்த ஒருவரிடம் இன்னும் 300 பவுண்டு கேட்டார்கள், மனிதர் ரசீதை மேசையில் வீசிவிட்டுப் போனார். அவர்கள் சொன்னதும் தப்பில்லை, 500 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள சைக்கிளுக்கு ஒரு வருடம் கழித்து வரித்துறை போடும் மதிப்பு 25 சதவீதம். அதையே சின்ன முன்பணம் கட்டி இன்னும் மூன்று வருடம் வைத்துக்கொள்ளும் ஒப்பந்தமாகப் போட்டால் மதிப்பு 7 சதவீதம், அதாவது 84 பவுண்டு. கையெழுத்துக்கு முன்னால் ஒப்பந்தத்தில் இதைச் சொல்லும் பக்கத்தையாவது படியுங்கள்.

எலக்ட்ரிக் சைக்கிள்? 1,000 பவுண்டு வரம்பு இருக்கிறதாமே?

250 வாட், மணிக்கு 15.5 மைலில் மோட்டார் நின்றுவிடும் வகை என்றால் சரி. நிதி ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி பெற்ற நிறுவனம் வழியாகச் செய்தால் 1,000-க்கு மேலும் போகலாம், 2019-இல் அதைத் தெளிவுபடுத்திவிட்டார்கள். அனுமதியில்லாத முதலாளி தானாகவே நடத்தினால் பழைய வரம்புதான்.

கர்ப்பமாக இருக்கிறேன் அண்ணா, சேரட்டுமா?

இப்போது வேண்டாம் தங்கச்சி. மகப்பேற்றுச் சம்பளத்தை, வாடகை கழித்துக் குறைந்துபோன சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள், முதல் ஆறு வாரம் அதில் 90 சதவீதம். குழந்தை பிறந்து வேலைக்குத் திரும்பியதும் பார்த்துக்கொள்ளலாம்.

தினமும் ஓட்டுகிறேனா என்று யார் பார்ப்பார்கள்?

மைல் கணக்கு எழுதத் தேவையில்லை. ஓட்டுவதில் பாதிக்கு மேல் வேலைக்கான பயணமாக இருக்க வேண்டும். ஸ்டேஷன் வரை ஓட்டி அப்புறம் ரயில் ஏறினாலும் அது சேர்த்திதான்.