தூரத்தைக் கிட்டக் கொண்டுவர எந்த லென்ஸ்? கொழும்பிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

கமராவோடு வந்த 18-55 லென்ஸ் போதவில்லை, தூரத்தில் இருப்பதை எடுக்க ஒரு சூம் லென்ஸ் வேண்டும், கையில் இருக்கிற காசோ கொஞ்சம்தான். இப்படிக் கேட்டவர்களுக்கான பதில்கள் இவை. டொலரோடு சேர்ந்து விலையும் ஏறி இறங்குவதால் ரூபாய்க் கணக்கு எழுதவில்லை. எதைக் கொடுத்தால் எது கிடைக்கும் என்பதைத்தான் சொல்கிறேன். 18-55, 55-250 போன்ற எண்கள் லென்ஸின் மிமீ அளவு; கடைசி எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது கிட்ட வரும்.

கேள்வி (வெள்ளவத்தை): அண்ணா, என்னிடம் கெனன் 200டி இருக்கிறது. கடையில் 75-300 ஒன்றும் 55-250 ஒன்றும் காட்டினார்கள். 75-300 விலையும் குறைவு, சூமும் கூட. அதையே எடுக்கலாமா?

பதில்: வேண்டாம் தங்கச்சி. 55-250 ஐஎஸ் எஸ்டிஎம்மை எடுங்கள் (எஸ்டிஎம் என்பது அதன் ஃபோகஸ் மோட்டாரின் பெயர்).

250க்கும் 300க்கும் பெரிய வித்தியாசம் இல்லை, 1.2 மடங்குதான். உங்கள் கமரா 24 மெகாபிக்சல். படத்தின் ஓரங்களைக் கொஞ்சம் வெட்டினாலே அந்த வித்தியாசம் போய்விடும். ஆனால் 75-300 இல் இல்லாத ஒன்று 55-250 இல் இருக்கிறது: கை நடுக்கத்தைச் சமாளிக்கிற ஐஎஸ். உங்கள் கமராவின் சென்சர் சிறியது என்பதால் லென்ஸின் எண்ணை 1.6 ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும். 300 என்பது 480 ஆகிறது. கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் ஏறக்குறைய அந்த எண்ணுக்குக் குறையக்கூடாது என்பது பழைய கணக்கு, அதாவது 1/500 வினாடி. பின்னேரம் மரநிழலில் 1/500 வேண்டுமென்றால் ஐஎஸ்ஓவை (கமராவின் ஒளி உணர்திறன்) தூக்க வேண்டும், படம் குருணையாக வரும். ஐஎஸ் இருந்தால் அசையாத ஒன்றை 1/100 இலும் கூர்மையாக எடுக்கலாம்.

இன்னும் இருக்கிறது. 75-300 பழைய வடிவமைப்பு. 300 பக்கம் போனால் படம் மென்மையாகிவிடும், வானத்துக்கு எதிரே நிற்கிற கிளைகளின் ஓரத்தில் ஊதா நிறக் கோடு விழும். சனம் லென்ஸ் வாங்குவதே அந்தக் கடைசி எண்ணுக்காகத்தான், அந்த இடத்தில்தான் இந்த லென்ஸ் கைவிடுகிறது. மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகப் புதிதாகப் படம் பழகுகிறவர்களின் கையில் இதைக் கொடுப்பது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம். படம் மங்கலாக வந்தால் அவர்கள் தங்கள் கையைத்தான் குறை சொல்கிறார்கள்.

55-250 இல் மூன்று வகை உண்டு: ஐஎஸ், ஐஎஸ் 2, ஐஎஸ் எஸ்டிஎம். கடைசியாக, 2013 இல் வந்ததுதான் நீங்கள் கேட்க வேண்டியது. லென்ஸில் எஸ்டிஎம் என்ற எழுத்து இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். 375 கிராம்தான், நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கினாலும் தெரியாது. கமரா செட்டிலிருந்து பிரித்து வெள்ளைப் பெட்டியில் விற்பார்கள், லென்ஸ் அதேதான். உத்தரவாதத்தை மட்டும் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): என்னுடையது நிக்கோன் டி3100. ஒருவர் 70-300 ஏஎஃப்-பி லென்ஸ் பாவித்தது, நல்ல விலைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கவா?

பதில்: தம்பி, காசைக் கொடுத்துவிடாதீர்கள். அது அருமையான லென்ஸ், ஆனால் உங்கள் கமராவில் வேலை செய்யாது. ஏஎஃப்-பி லென்ஸ்களில் ஃபோகஸ் வளையம் கூட மோட்டார் வழியாகத்தான் இயங்குகிறது. டி3100, டி3200, டி5100 போன்ற பழைய கமராக்களுக்கு அந்த மோட்டாரை ஓட்டத் தெரியாது. அதனால் ஓட்டோ ஃபோகஸும் இல்லை, கையால் திருப்பிச் செய்வதும் இல்லை. டி3400, டி3500, டி5600 வைத்திருப்பவர்களுக்குப் பிரச்சினை இல்லை. டி3300, டி5300 என்றால் கமராவின் உள் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். அவர்கள் வாங்கும்போது விஆர் (கெனனின் ஐஎஸ்ஸுக்கு நிக்கோன் வைத்த பெயர்) என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், விஆர் இல்லாத ஒன்றும் அதே உருவத்தில் வந்தது.

உங்களுக்கு, லென்ஸுக்குள்ளேயே ஃபோகஸ் மோட்டார் இருக்கிற ஏஎஃப்-எஸ் 55-200 விஆர் அல்லது ஏஎஃப்-எஸ் 55-300 விஆர் சரி. கொஞ்சம் கூடக் கொடுக்க முடிந்தால் ஏஎஃப்-எஸ் 70-300 விஆர், முக்கால் கிலோ பாரம், ஆனால் உறுதியான சாமான். ஏஎஃப்-டி என்று எழுதியிருக்கிற பழையதைத் தொடாதீர்கள். அதற்குக் கமராவுக்குள் ஃபோகஸ் மோட்டார் வேண்டும், உங்கள் கமராவில் அது இல்லை. எதை வாங்கப் போனாலும் உங்கள் கமராவைக் கையோடு கொண்டுபோய்ப் பூட்டிப் பாருங்கள்.

கேள்வி (தெஹிவளை): பாவித்த லென்ஸ் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பதில்: கொழும்பில் முதலில் பார்க்க வேண்டியது பங்கஸ், அதாவது லென்ஸுக்குள் வளர்கிற பூஞ்சை. கடல் பக்கத்து ஈரக்காற்றில் அலுமாரிக்குள் மாதக்கணக்காகக் கிடந்த லென்ஸில் அது பிடிப்பது சாதாரணம். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, பின்பக்கமிருந்து போன் டோர்ச்சை அடித்து, முன்பக்கம் நேராகப் பார்க்காமல் கொஞ்சம் சரித்துப் பாருங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிகிற புள்ளி தூசி, அதனால் படத்துக்கு ஒன்றும் ஆகாது. சிலந்தி வலை போல ஒரு புள்ளியிலிருந்து கிளைவிட்டுப் போகிற மெல்லிய நூல் தெரிந்தால் அது பங்கஸ். கழுவித் தருகிறேன் என்பார்கள். நாள்பட்ட பங்கஸ் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும், கழுவினாலும் தடம் போகாது. எழும்பி வந்துவிடுங்கள்.

அடுத்தது, சூமைக் கடைசி வரை இழுத்து, அப்பேச்சரை (வெளிச்சம் உள்ளே வருகிற துவாரம்) முழுக்கத் திறந்து, கொஞ்சத் தூரத்தில் இருக்கிற ஒரு கல்லுச் சுவரை நேராக நின்று எடுங்கள். போனில் பார்க்காமல் கமராத் திரையில் பெரிதாக்கி நான்கு மூலையையும் ஒப்பிடுங்கள். நான்கும் கொஞ்சம் மென்மையாக இருந்தால் பரவாயில்லை. ஒரு பக்கம் மட்டும் கலங்கியிருந்தால் லென்ஸ் எங்கோ விழுந்திருக்கிறது, உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது. ஐஎஸ் வேலை செய்கிறதா என்று பார்க்க ஷட்டரைப் பாதி அழுத்துங்கள். வ்யூஃபைண்டரில் ஆடுகிற காட்சி சட்டென்று அடங்க வேண்டும். லென்ஸின் பின்பக்க உலோகத் தொடுமுனைகளில் பச்சை படிந்திருந்தால் உப்புக்காற்று ஏற்கனவே உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். இவ்வளவையும் பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். இரவு பஸ் தரிப்பிடத்தில் சந்திக்கலாம் என்று சொல்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

கேள்வி (பம்பலப்பிட்டி): வாங்கிய பிறகு பங்கஸ் வராமல் எப்படி வைப்பது? டிரை கபினெட் (ஈரம் புகாத அலுமாரி) வாங்க வசதியில்லை.

பதில்: ரப்பர் வளையம் வைத்த, காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டி ஒன்று, நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல் ஒரு பை, ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்று. இவ்வளவும் போதும். மீட்டர் 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் நல்லது, 60ஐத் தாண்ட விடாதீர்கள். நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் பாவிக்கலாம். அரிசி போடாதீர்கள், மாத்தூசி உள்ளே போகும். தோல் உறையை வெளியே வையுங்கள், அது ஈரத்தைப் பிடிக்கும். எல்லாவற்றையும் விட நல்லது, லென்ஸை அடிக்கடி வெளியே எடுத்துப் படம் பிடிப்பது.

கேள்வி (கல்கிசை): தம்பி, மகன் பாடசாலை அணியில் கிரிக்கெட் விளையாடுகிறான். எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று அவன் துடுப்பெடுத்தாடுவதை எடுக்க 250 போதுமா?

பதில்: போதும் ஐயா. எல்லையிலிருந்து ஆடுகளம் 70 மீற்றர் என்று வைப்போம். கெனன் சிறிய சென்சரில் 250 இல், அந்தத் தூரத்தில் படத்தின் உயரத்துக்குள் ஏறக்குறைய 4 மீற்றர் அடங்கும். மகன் படத்தின் உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு நிற்பார். வெட்டி எடுத்தால் முழுப் பக்கத்துக்கும் வரும். ஆனால் ஐஎஸ் உங்கள் கையை மட்டும்தான் நிறுத்தும், ஓடுகிற பிள்ளையை நிறுத்தாது. 1/1000 வையுங்கள், ஐஎஸ்ஓ 800 ஆனாலும் பயப்பட வேண்டாம். உச்சி வெயிலில் தொப்பி நிழலில் முகம் கறுத்துவிடும். தேநீர் இடைவேளைக்குப் பிறகு வெயில் சரியும் நேரம்தான் முகம் தெரிகிற நேரம்.

கேள்வி (பத்தரமுல்லை): தலங்கம குளத்தில் மீன்கொத்தி எடுக்க ஆசை. 600 மிமீ இல்லாமல் முடியாதா?

பதில்: முடியும், தூரத்தைக் குறைத்தால். வெண்மார்பு மீன்கொத்தி 28 சென்ரிமீற்றர் அளவு. 250 இல் 10 மீற்றரில் இருந்தால் படத்தின் உயரத்தில் பாதிக்குக் கிட்ட வரும். 30 மீற்றர் என்றால் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே கேள்வி லென்ஸைப் பற்றியதல்ல, அந்த 20 மீற்றரைப் பற்றியது. மீன்கொத்தி ஒரே கிளைக்குத் திரும்பத் திரும்ப வரும் குருவி. காலையில் போய் அது எந்தக் கிளை என்று பார்த்து வையுங்கள். பிறகு அதற்குப் பக்கத்தில், வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் வரும்படி, அசையாமல் உட்காருங்கள். பறவை தானாக வரும். பெய்ரா வாவியின் கூழைக்கடாக்கள் சனத்துக்குப் பழகியவை, கை பழக அங்கே தொடங்கலாம்.

ஒரு வருடம் கழிந்தும் ஆசை தீரவில்லையென்றால் சிக்மா அல்லது டாம்ரோன் 150-600 பாவித்தது தேடுங்கள். ஏறக்குறைய 2 கிலோ, அதையும் நினைத்துக்கொள்ளுங்கள். லென்ஸின் முன்னால் திருகுகிற மலிவான 2 மடங்குக் கண்ணாடிகளுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

கேள்வி (செட்டியார் தெரு): ஆடிவேல் தேரை இரவில் எடுக்க 55-250 சூம் உதவுமா?

பதில்: தேரின் உச்சியில் விளக்கு விழுகிற இடத்துக்கு உதவும், ஆட்களின் முகத்துக்கு உதவாது. 250 இல் இந்த லென்ஸ் எஃப் 5.6 க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிது). அதற்குப் பதிலாக 50 மிமீ எஃப் 1.8 வாங்கலாம், ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். கூட்டத்துக்குள் நீங்கள் எப்படியும் தேருக்குக் கிட்டத்தான் நிற்பீர்கள்.

கேள்வி (நுகேகொடை): கெனன் ஆர்50க்கு எது?

பதில்: ஆர்எஃப்-எஸ் 55-210. பழைய கெனன் லென்ஸைப் பூட்டுகிற அடாப்டர் ஏற்கனவே இருந்தால் 55-250 எஸ்டிஎம், அதில் வெளிச்சமும் கொஞ்சம் கூட. சோனி ஏ6000 வைத்திருப்பவர்களுக்கு 55-210 ஓஎஸ்எஸ் (ஐஎஸ்ஸுக்கு சோனி வைத்த பெயர்).

கேள்வி (வத்தளை): அடுத்த மாதம் யால தேசிய பூங்காவுக்குப் போகிறோம். ஜீப்பிலிருந்து எடுக்க ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: நின்றவுடன் சாரதியிடம் இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள். இன்ஜின் ஓடும்போது கம்பியில் லென்ஸைச் சாய்த்தால் அதிர்வு முழுக்கப் படத்தில் வரும், கையில் பிடிப்பதே மேல். நிறுத்திய பிறகு சின்னத் துணிப்பையில் பயறு நிரப்பிக் கம்பியில் வைத்து அதன் மேல் லென்ஸை வையுங்கள். புழுதிக்குள் லென்ஸ் மாற்றாதீர்கள். 55-250 ஐப் பூட்டியபடியே போங்கள், அகலமான காட்சிக்குப் போன் இருக்கிறது. விடியற்காலை குளிரூட்டிய அறையிலிருந்து புறப்படும்போது கமராவைப் பைக்குள் மூடியே வைத்து அரை மணித்தியாலம் விடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி பூத்துப்போய் நல்ல வெளிச்சத்தில் ஒன்றும் எடுக்க முடியாமல் போகும்.