பேண்டா பிஎச்டியா, ரெண்டும் சேர்ந்து முடியுமா?

ப்ரோ, கைடு "ட்ரம்ஸ விடு, இல்லன்னா பங்க் (வேகமான, முரட்டுத்தனமான ஒரு ராக் இசை) பத்தின தீசிஸ விடு"ன்னு சொல்றாருன்னு எழுதியிருந்தீங்க, ரெண்டையும் விடாதீங்க.

விவியன் கோல்ட்மேன் கரியர கொஞ்சம் பாருங்க. லண்டன்காரங்க, 70கள்ல அங்க மியூசிக் பத்திரிகைகள்ல பங்க், ரெகே (ஜமைக்கா இசை) ரெண்டையும் பத்தி எழுதிட்டிருந்தாங்க, ரெகே பாடகர் பாப் மார்லிக்கு பிஆர் (விளம்பர) வேலை கூட பாத்தாங்க, அப்புறம் 1981ல சொந்தமா ஒரு சிங்கிள் (தனிப்பாட்டு ரெக்கார்டு) போட்டாங்க, துணி துவைக்கிற கடையில ஆரம்பிக்கிற காதல் பத்தின பாட்டு, தயாரிப்புல பங்க் பாடகர் ஜான் லைடனும் இருந்தாரு. வாத்தியார் வேலை ரொம்ப பின்னாடிதான், நியூயார்க் யூனிவர்சிட்டியில. பட்டப்பேரே 'பங்க் ப்ரொஃபசர்'!

2019ல பங்க் பெண்கள் பத்தி ஒரு புக் எழுதினாங்க. அத வருஷவாரியா அடுக்கல, அடையாளம், பணம், காதல், போராட்டம்னு நாலா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாட்டு லிஸ்ட் வச்சிருப்பாங்க. உங்க சாப்டர் பிரிக்கிற குழப்பத்துக்கு இத கண்டிப்பா பாருங்க. 2021ல திரும்ப பாட்டு பக்கம் வந்து ஒரு ஆல்பமும் போட்டாங்க.

இன்னொருத்தங்க ஹெலன் ரெடிங்டன். இங்கிலாந்து பிரைட்டன்ல பங்க் பேண்டுல பேஸ் கிட்டார் வாசிச்சவங்க, அப்புறம் யூனிவர்சிட்டியில பாடம் எடுத்தாங்க, பங்க் வரலாற்றுல வாத்தியம் வாசிச்ச பொண்ணுங்கள யாருமே கண்டுக்கலன்னு அவங்கள பேட்டி எடுத்தே 2007ல புக் கொண்டு வந்தாங்க. மேடையில நின்ன கைக்குத்தான் அந்த கேள்வியே தோணும், உங்க கைடுகிட்ட இததான் சொல்லணும் நீங்க.

வேலை விஷயத்துல ஒண்ணு, பங்க்னு மட்டும் அப்ளை பண்ணா போஸ்ட் கம்மிதான், அதனால மீடியா, ஜெண்டர், இசை வரலாறுன்னு அகலமா காட்டுங்க. உங்க ஷோ போஸ்டர், பழைய ரெக்கார்டிங் எதையும் தூக்கி போடாதீங்க, தேதி எழுதி வைங்க, தீசிஸுக்கு அதெல்லாம் ஆதாரம்.