வீட்டைப் பிள்ளைக்கு எழுதும் முன்: பத்திர எழுத்தரிடம் கேள்வி பதில்

கேள்வி: வயது 68. மகன் வீட்டை இப்போதே எழுதித் தரச் சொல்கிறான். உயிலா, செட்டில்மெண்டா ஐயா?

பதில்: உயிலை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்ட் என்பது நீங்கள் உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்; அது பதிவானால் சொத்து அன்றே கைமாறிவிடும். மனம் மாறினால் நீங்களாக ரத்து செய்ய முடியாது. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் ஆயுள் வரை குடியிருக்கும் உரிமையையும், மகன் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007-ம் வருட மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவில் சொத்தைத் திரும்பக் கேட்டு கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க அதுதான் பிடிமானம். நிபந்தனை இல்லாத பத்திரத்துக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் ஒரு தாய்க்குச் சொத்து திரும்பக் கிடைத்தது உண்மைதான். ஆனால் 'பராமரிப்பேன்' என்று மகன் தனியாக எழுதிக் கொடுத்த தாளை அந்த அம்மா காட்டினார்.

ஒருமுறை பதிவு அலுவலகத்தில் ஒரு பாட்டிக்கு ரேகை விழவில்லை. மகன் கைக்குட்டையால் விரலை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டார். இரண்டு வருடம் கழித்து அதே பாட்டி மஞ்சள் பையில் பத்திர நகலோடு என்னிடம் வந்தார். நிபந்தனை என்று ஒரு வரி இல்லை. வேறொருவர் எழுதிய பத்திரம்தான், ஆனாலும் அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கேள்வி: செலவு எவ்வளவு?

பதில்: தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் என்றால் முத்திரைத் தீர்வை 1%, உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1%, உச்சம் 10,000. இந்த உச்சவரம்புகள் 2023 ஜூலையில் ஏற்றியவை.

கேள்வி: மகனுக்குப் 10 லட்சம் கொடுத்தால் வரி உண்டா?

பதில்: இல்லை. வங்கி வழியாகவே அனுப்புங்கள். ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரும்.

கேள்வி: மருமகள் பெயரில் டெபாசிட் போடலாமா?

பதில்: போடலாம், வட்டி உங்கள் வருமானக் கணக்கில்தான் சேரும். மேற்கொண்டு ஆடிட்டரைக் கேளுங்கள்.

கேள்வி: மகளுக்கு 40 பவுன் போட்டாச்சு. வீடு மகனுக்குத்தானே?

பதில்: இதற்கு வாசகர்களில் மூன்று பேர் 'ஆமாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஒப்பமாட்டேன். சுயசம்பாத்தியம் என்றால் யாருக்கும் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. பூர்வீகச் சொத்து என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தப்படி மகளுக்கும் சம பங்கு. நகைக்கணக்கு பார்க்கும் நீங்கள் மகனின் கல்லூரிக் கட்டணத்தை ஏன் பார்ப்பதில்லை? 'படிப்பு வேறு, சீர் வேறு' என்கிறார் ஒருவர். இரண்டும் உங்கள் பணம்தானே ஐயா! எதைச் செய்தாலும் மகளை உட்காரவைத்து நீங்களே சொல்லிவிடுங்கள். வில்லங்கச் சான்று பார்த்து அவள் தெரிந்துகொள்ளக் கூடாது.

கேள்வி: உயில் நல்லதா, செட்டில்மெண்டா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். நிபந்தனை இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: நிபந்தனை எழுதினால் மகன் கோபிப்பானே?

பதில்: அப்படியானால் உயிலாகவே எழுதிவிடுங்கள் அம்மா. இரண்டு சாட்சி போதும், பதிவுகூடக் கட்டாயமில்லை.