ஒரு வருடம் எடுத்து மறுபடி நீட் எழுதலாமா?

தம்பி, பயாலஜி நன்றாக வந்தும் பிசிக்ஸ் காலை வாரிவிட்டது, மறுபடி எழுத ஆசை, அப்பாதான் ஒரு வருடம் வீணாகுமோ என்று பயப்படுகிறார் என்கிறீர்கள். என்னைக் கேட்டால் தாராளமாக எழுதுங்கள். மொத்தம் 720-இல் பாதி, அதாவது 360, பயாலஜிக்குத்தானே.

ஆனால் முதலில் இந்த வருட வினாத்தாளை எடுத்து, தப்பான பிசிக்ஸ் கணக்குகளை மட்டும் அவசரமில்லாமல், புத்தகம் பார்க்காமல் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வந்துவிட்டால் குறை வேகத்தில்தான், நேரம் வைத்து மாதிரித் தேர்வுகள் எழுதினால் சரியாகும். வரவில்லையா, பதினொன்றாம் வகுப்பு மெக்கானிக்ஸிலிருந்து பொறுமையாகத் தொடங்குங்கள். குருட்டாம்போக்கில் விடை குறிப்பதையும் விடுங்கள், ஒவ்வொரு தப்புக்கும் 1 மதிப்பெண் கழியும்.

அப்புறம், அடுத்த வருடம் வேறு படிப்புகளுக்கும் சேர்த்தே விண்ணப்பிப்பேன் என்று அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.