வாசகர் கேள்வி பதில்: பழைய மாசியும் ஸ்நோவும்

கேள்வி: அண்ணை, நாங்கள் ஒன்ராறியோவில பீற்றர்பறோவுக்கு வடக்கால ஒரு சின்னப் பண்ணை வாங்கினனாங்கள். வித்த ஆள் பழைய மாசி பெர்குசன் 135 ட்ரக்டர் ஒண்டும், பின்னால பூட்டுற, ஸ்நோவை அள்ளி எறியிற ஸ்நோ புளோவரும் சேத்துத் தந்திட்டுப் போட்டார். கிளச்சை மிதிச்சால் வண்டியோட புளோவரும் நிக்குது, ஈர ஸ்நோ எண்டால் உடன அடைக்குது. பழுதோ?

பதில்: பழுதா இருக்காது தம்பி. 135 மொடல் 1964 இல வந்தது, அதில ஒத்தைக் கிளச் வண்டியும் இருக்கு, ரெண்டு கட்டக் கிளச் வண்டியும் இருக்கு. ரெண்டு கட்டம் எண்டால் பாதி மிதிக்க சில்லு நிக்கும், புளோவர் சுத்திக்கொண்டே இருக்கும், அடிமட்டும் மிதிச்சால்தான் பீடீஓ, அதாவது புளோவரைச் சுத்துற பின் தண்டு, நிக்கும். பாதி மட்டும் மெதுவா மிதிச்சுப் பாருங்கோ, அப்பவும் சேந்து நிண்டால் அநேகமா உங்களுக்கு வாய்ச்சது ஒத்தைக் கிளச்தான். அதுக்கு லோ ரேஞ்ச் றிவேர்ஸைப் போட்டு, பீடீஓ 540 சுத்து வாற அளவுக்கு எஞ்சினை ஏத்தி, புளோவர் அகலத்தில பாதியை மட்டும் கடிச்சுக்கொண்டு போங்கோ. எஞ்சின் முக்கத் தொடங்கினால் உடன கிளச்சை மிதிச்சு கியரை நியூட்ரலுக்கு எடுத்திட்டு கிளச்சை விடுங்கோ, வண்டி நிக்கும், புளோவர் உள்ளுக்க கிடக்கிறதை எல்லாம் துப்பி முடிக்கும், பிறகு கியரைப் போடலாம்.

ஒத்தைக் கிளச்சில இன்னொரு சில்லெடுப்பும் இருக்கு, கிளச்சை மிதிச்ச பிறகும் அந்தப் பாரமான விசிறி சுத்தின வேகத்தில சில்லைக் கொஞ்சம் தள்ளும். கராஜ் கதவடிக்குப் பின்பக்கமாப் போகேக்க பிறேக்கிலயும் கால் இருக்கவேணும். பீடீஓவில ஓவர்றன்னிங் கப்ளர் எண்டு ஒரு சாமான் பூட்டினால் அந்தத் தள்ளல் இராது.

புளோவர் அடைச்சால் பீடீஓவை லீவரால நிப்பாட்டி, எஞ்சினை நிப்பாட்டி, திறப்பைப் பொக்கற்றில போட்டிட்டு, தடியாலதான் குத்தி எடுக்கவேணும். கையுறை போட்ட கையும் கைதான். ஷியர் போல்ட், அதாவது பாரம் கூடினால் தான் முறிஞ்சு மற்றச் சாமானைக் காக்கிற போல்ட், அடிக்கடி முறியுதெண்டு கடினமான போல்ட்டைப் போடவே போடாதேங்கோ, பிறகு முறியிறது கியர்பொக்ஸ்தான், அது போல்ட் விலைக்குக் கிடையாது.

கேள்வி: எங்கட பழைய டீசல் ட்ரக்டர் மைனஸ் 20 வந்தால் அசையுதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஈத்தர் ஸ்பிரே, அந்தக் கெதியாப் பத்துற ஸ்டார்ட்டிங் ஸ்பிரே, அடிக்கச் சொல்லுறார். அடிக்கலாமோ?

பதில்: முதல்ல எஞ்சினுக்குள்ள காத்துப் போற குழாயை, மனிஃபோல்டைப் பாருங்கோ. பேர்கின்ஸ் எஞ்சின் கனக்க அங்க தெர்மோஸ்டார்ட் எண்டு ஒண்டோட வந்தது, கம்பிச்சுருள் சூடாகி டீசல் சொட்டைப் பத்தவைச்சு உள்ள போற காத்தைச் சூடாக்கும். அந்த நெருப்புக்கு மேல ஈத்தர் போனால் மனிஃபோல்டுக்குள்ளயே வெடிக்கும், பிஸ்டன் றிங்கும் உடையலாம். சிலிண்டருக்குள்ள சூடாக்கிற குளோ பிளக் இருந்தாலும் இதே கதைதான். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனுசனா இருக்கலாம், எஞ்சின் அவற்றை இல்லைத்தானே.

எஞ்சினைக் கரண்டில சூடாக்கிற புளொக் ஹீட்டர் ஒண்டு பூட்டி, ஸ்டார்ட் பண்ண முதல் ரெண்டு மூண்டு மணித்தியாலம் செருகி விடுங்கோ, எக்ஸ்டென்ஷன் வயர் மொத்தமானதா இருக்கட்டும். ராங்கில கோடையில அடிச்ச டீசல் மிச்சம் கிடந்தால் அது குளிருக்கு மெழுகாகி ஃபில்டரை அடைச்சிடும், எஞ்சின் பிடிச்சு ரெண்டு நிமிசத்தில சாகிறதெண்டால் அநேகமா இதுதான், விண்டர் டீசல் அடியுங்கோ. கூலண்ட் பாதிக்குப் பாதி கலந்திருந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். பற்றறியும் பாருங்கோ, குளிரில அதுக்கு வலு குறைவு. கொட்டில் கதவைத் திறந்து வைச்சிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணவேணும், புகை ஆளைக் கொல்லும்.

கேள்வி: முன்னுக்கு லோடர் பூட்டின பழைய வண்டி, எங்கட ட்ரைவ்வே சரிவு. ஐஸில வழுக்குது. சில்லுக்குச் செயின் போட்டால் காணுமோ?

பதில்: செயின் நல்லம், ஆனா காணாது. லோடர் நிறைய ஸ்நோவைத் தூக்கினால் பின் சில்லில பாரம் குறையும், பிறேக் இருக்கிறது அந்தச் சில்லிலதான். பின்னால பாரம் கட்டுங்கோ, பக்கெட்டை நிலத்தோட ஒட்டினமாதிரி வைச்சு ஓடுங்கோ. இடம் வலம் பிறேக் பெடல் ரெண்டையும் கொளுவி ஒண்டாக்குங்கோ, இல்லாட்டி ஒரு பக்கம் மட்டும் பிடிச்சு வண்டி சுழண்டிடும். இறக்கத்தில சின்னக் கியர், கிளச்சில கால் வைக்கவேண்டாம். தலைக்கு மேல றோல் பார், அதாவது வண்டி பிரண்டால் ஆளைக் காக்கிற இரும்புச் சட்டம், இருந்தால் பெல்ட் போடுங்கோ, இல்லையெண்டால் ஒரு டீலரிட்டச் சொல்லிப் பூட்டுவியுங்கோ. தள்ளின ஸ்நோவை றோட்டில போடாதேங்கோ, ஒன்ராறியோவில அதுக்குத் தண்டம் அடிப்பாங்கள்.