சிஎஸ்வி கோப்பைத் தரவுத்தளத்தில் ஏற்றுவதற்கு முன்

கேள்வி: பழைய மென்பொருளிலிருந்து எடுத்த பொருட்பட்டியலை எக்செல்லில் திறந்து சரிபார்த்து, மீண்டும் சிஎஸ்வி கோப்பாகவே (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரிக்கும் உரைக் கோப்பு) சேமித்தேன். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஏற்றும்போது, கடைசி நெடுவரிசைக்குப் பின் கூடுதல் தரவு இருப்பதாகப் பிழை வருகிறது. பொருள் குறியீடுகளின் முன்னால் இருந்த பூஜ்ஜியங்களையும் காணவில்லை. என்ன செய்வது?

பதில்: பூஜ்ஜியங்கள் தொலைந்தது எக்செல்லில்தான். 00417 என்பதை அது எண்ணாகக் கருதி 417 என்றே சேமித்துவிடும். 15 இலக்கங்களுக்கு மேற்பட்ட குறியீடுகளின் கடைசி இலக்கங்களும் இவ்வாறே பூஜ்ஜியமாகிவிடும். சேமித்த கோப்பிலிருந்து அவற்றை மீட்க முடியாது என்பதால், மூலக் கோப்பை மறுபடி எடுத்து, சாதாரண உரைத் தொகுப்பியில் மட்டும் திறந்து பாருங்கள்.

பிழைக்குக் காரணம் பெரும்பாலும் இப்படியொரு வரியாக இருக்கும்:

00417,திருகாணி, 5 மி.மீ.,120

மூன்று நெடுவரிசைகளுக்கு நான்கு மதிப்புகள். பெயருக்குள் இருக்கும் காற்புள்ளியும் பிரிப்பானாகவே படிக்கப்படுகிறது. "திருகாணி, 5 மி.மீ." என்று இரட்டை மேற்கோளுக்குள் இருந்தால் சிக்கல் இல்லை, மதிப்புக்குள்ளேயே மேற்கோள் குறி வந்தால் அதை இரண்டு முறை இட வேண்டும் என்பது சிஎஸ்வி வடிவம் பற்றி 2005இல் வெளியான ஆர்எஃப்சி 4180 ஆவணம் விவரிக்கும் முறை. மேற்கோளிடும் வசதி பழைய மென்பொருளில் இல்லையென்றால், தத்தல் (Tab) குறியைப் பிரிப்பானாக வைத்து ஏற்றுமதி செய்யுங்கள். மூடப்படாத மேற்கோள் ஒன்று இருந்தால் அடுத்தடுத்த வரிகளையும் அது விழுங்கிவிடும். அப்போது பிழைச் செய்தி சுட்டும் வரிக்கு வெகு முன்னால்தான் உண்மையான கோளாறு இருக்கும்.

கோப்பைக் கையால் திருத்திக்கொண்டே இருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்த மாதம் புதிய கோப்பு வந்தால் அத்தனையையும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். எல்லா நெடுவரிசைகளும் உரை வகையாக உள்ள இடைக்கால அட்டவணை ஒன்றை உருவாக்கி, போஸ்ட்கிரெஸின் காப்பி (COPY) கட்டளையால் முதலில் அதில் ஏற்றிவிட்டு, வகை மாற்றங்களை எஸ்க்யூஎல் என்ற தரவுத்தள வினவல் மொழி மூலம் செய்து முதன்மை அட்டவணைக்கு நகர்த்துங்கள். 03/04/2024 என்பது மார்ச் 4ஆ, ஏப்ரல் 3ஆ என்பதை அந்தக் கட்டத்தில் நீங்களே வடிவம் குறிப்பிட்டுத் தீர்மானிக்கலாம். சிஎஸ்வி முறையில், எதுவும் இல்லாத இடத்தைப் போஸ்ட்கிரெஸ் இன்மை மதிப்பாகவும் (NULL, அதாவது மதிப்பே இல்லை), உள்ளே எதுவும் இல்லாத இரட்டை மேற்கோளை வெற்று உரையாகவும் எடுத்துக்கொள்ளும். பின்னது எண்ணாக மாறாது என்பதால், அதை முதலில் இன்மை மதிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

ஏற்றி முடித்ததும் பதிவுகளை எண்ணிப் பாருங்கள். மேற்கோளுக்குள் வரி முறிவுகள் இருந்தால், கோப்பின் வரி எண்ணிக்கை பதிவுகளின் எண்ணிக்கையை விடக் கூடுதலாகவே இருக்கும்.