மக்தப் (தொடக்க மார்க்கப் பள்ளி) பிள்ளைகள் கையில் செயலி: எது கருவிக்கு, எது உஸ்தாதுக்கு?

"தொடக்கநிலைப் பிள்ளைகளின் மார்க்கக் கல்விக்குள் டேப்லெட், செயலி எல்லாம் வந்துவிட்டன. அதபும் (ஒழுங்கும்) அக்லாக்கும் (நற்குணமும்) கெடாமல் இவற்றை எப்படிப் பயன்படுத்துவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சிறுவர்களுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். பிள்ளை காதால் கேட்டுப் பழகக் கருவி போதும். பிள்ளை ஓதுவதைக் கேட்டுத் திருத்த உஸ்தாத் (ஆசிரியர்) வேண்டும்.

கருவியைக் கண்டு மிரள ஒன்றுமில்லை. எகிப்து காரி (குர்ஆனை முறைப்படி ஓதுபவர்) மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி 1961இலேயே முழுக் குர்ஆனையும் ஓதிப் பதிவு செய்துவிட்டார். ஒரே ஆயத்தை (வசனத்தை) எத்தனை தடவை போட்டாலும் போனுக்குச் சலிக்காது, எங்களுக்குச் சலிக்கும்.

ஆனால் 'அல்ஹம்து' என்ற சொல்லில் வரும் ஹா எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது தொண்டையின் நடுவிலிருந்து வரவேண்டும். பிள்ளைகள் பெரும்பாலும் தொண்டையின் அடியிலிருந்து வரும் இன்னொரு ஹாவைச் சொல்லிவிடுவார்கள். விட்டுப்போன சொல்லைக் காட்டித்தரும் செயலிகள் இருக்கின்றன, நல்லதுதான். இந்த ஹாவுக்கோ உஸ்தாத் எதிரே உட்கார்ந்து, வாயைப் பார்க்கச் சொல்லி, ஓதிக்காட்டி, திரும்ப ஓதவைக்க வேண்டும். திக்குகிற பிள்ளைக்காகக் காத்திருப்பதும், அவன் தப்பாக ஓதும்போது மற்றவர்களைச் சிரிக்கவிடாமல் பார்த்துக்கொள்வதும் அந்த உட்காரலில்தான் நடக்கின்றன. அக்லாக் பாடம் என்று தனியாக வைப்பதைவிட இது நன்றாகப் பதிகிறது.

போனை எப்படிக் கையாள்வது என்பதையும் மார்க்கப் பாடமாகவே நடத்தலாம். குர்ஆனின் ஹுஜுராத் சூராவின் (அத்தியாயத்தின்) 6ஆம் வசனம், தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது. வந்ததையெல்லாம் ஃபார்வர்டு செய்யும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எது? 11ஆம் வசனம் கேலியையும் பட்டப்பெயரையும் தடுக்கிறது. குழு அரட்டைக்கு அப்படியே பொருந்தும். 12ஆம் வசனம் துருவித் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் தடுக்கிறது. அடுத்தவர் போனை எடுத்து மெசேஜ் பார்ப்பது இதில் சேராதா என்று கேட்டுப் பாருங்கள், பிள்ளைகளே விவாதிப்பார்கள்.

எனக்கு ஒவ்வாதவை இரண்டு. ஒன்று, யார் அதிகம் ஓதினார் என்று வரிசைப்படுத்திக் காட்டும் புள்ளிப் பட்டியல். நேற்றைவிட இன்று எவ்வளவு முன்னேற்றம் என்று அந்தப் பிள்ளைக்கு மட்டும் காட்டினால் ஆட்சேபமில்லை. இரண்டு, பிள்ளை ஓதுவதைப் படமெடுத்து லைக்குக்காகப் பெற்றோர் ஏற்றுவது. ஏழு வயதிலேயே ரியாவுக்கு, அதாவது பிறர் மெச்சுவதற்காகச் செய்வதற்கு, பழக்கப்படுத்தவா?

நேர அளவு அவரவர் வீட்டுக்குத் தக்கபடி இருக்கட்டும். "சூராவை முடி, போன் தர்றேன்" என்று சொல்லிவிட்டு மறுப்பதை மட்டும் செய்யாதீர்கள். ஒரு தாய் "வா, ஒன்று தருகிறேன்" என்று மகனை அழைத்தபோது, என்ன தர நினைத்தாய் என்று நபி (ஸல்) கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார். எதுவும் கொடுக்காமல் இருந்திருந்தால் உன் மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்றார்கள் (அபூதாவூத்).